இரு குரலில் ஒரு துயர்

நுழையும்முன்

உயிர்நீத்த ஒருவரை நினைந்து வருந்துதல் மனித இயல்பு. அவர் தம் வாழ்நாளில் ஓர் உண்மையை மறைத்தார் என அறியவந்தால், வருத்தத்தோடு சினமும் சேர்கிறது. இவ்விரண்டையும் ஒரே நெஞ்சு தாங்குவது எங்ஙனம்? இளையோருக்கான கவிதைப் புதினம் ஒன்று இவ்வினாவை எழுப்புகிறது.

விபத்தும் நூலும்

2001 நவம்பர் 12 அன்று, நியூயார்க்கிலிருந்து டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சாண்டோ டொமிங்கோவுக்குப் புறப்பட்ட விமானம், சில நிமிடங்களிலேயே குடியிருப்புப் பகுதியில் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் இருந்த ஐவரும் மாண்டனர். பயணிகளுள் பெரும்பாலோர் டொமினிக்கன் வழியினர். செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தமையால், இதுவும் தாக்குதலோ என உலகம் அஞ்சியது. அன்று எனத் தெளிந்தபின் உலகின் கவனம் விலகியது; இழந்தோரின் துயர் விலகவில்லை. அத்துயரின் நினைவே, எலிசபெத் அசெவெடோ எழுதிய 'கிளாப் வென் யூ லேண்ட்' என்னும் புதினத்துக்குத் தூண்டுகோலாயிற்று. 'தரையிறங்கும்போது கைதட்டு' என்பது தலைப்பின் பொருள்.

இரு மகளிர்

கமினோ, டொமினிக்கன் கடற்கரை ஊராகிய சோசுவாவில் வாழ்பவள், மருத்துவராக விரும்புபவள். கோடைதோறும் நியூயார்க்கிலிருந்து வரும் தந்தையை வரவேற்க விமான நிலையம் செல்கிறாள். அங்கு அவளை எதிர்கொள்வது அழுகுரலே. அதே நாளில் நியூயார்க்கில் யாஹைரா என்னும் மாணவியும் தன் தந்தையின் மறைவை அறிகிறாள். இருவருக்கும் தந்தை ஒருவரே. அதனை இருவரும் அறியார்.

யாஹைராவின் துயரில் குற்றவுணர்வும் கலந்துள்ளது. தந்தைக்கு மற்றொரு மணம் உண்டு என்பதை முன்னரே கண்டறிந்து, அவரோடு பேசுவதைத் தவிர்த்தவள் அவள். பேசாது விட்ட சொற்களை இனி யாரிடம் பேசுவாள்? கமினோவின் துயரிலோ அச்சம் கலந்துள்ளது. தாயை முன்னரே இழந்த அவளுக்கு, தந்தை அனுப்பிய பணமே கல்விக்கும் பாதுகாப்புக்கும் அரணாக இருந்தது. அவ்வரண் சரிந்ததும் தீயோன் ஒருவன் அவளைப் பின்தொடர்கிறான். ஆகவே, ஒரே இழப்பு இருவரிடத்தும் ஒரே வடிவில் அமையவில்லை.

கவிதை எதற்காக?

கதையைச் செய்யுளில் கூறும் மரபு, காப்பியங்களைக் கற்ற நமக்குப் புதிதன்று. காப்பியத்தில் பெரும்பாலும் புலவரே கதை கூறுவார். இப்புதினத்திலோ இரு மகளிரும் மாறி மாறித் தம் கதையைத் தாமே கூறுகின்றனர். யாப்புக்குக் கட்டுப்படாத குறுங்கவிதைகள் ஒவ்வொன்றும் ஒரு கணத்தைப் பதிவுசெய்கின்றன. துயருற்றோர் தொடர்ச்சியாகப் பேசுவதில்லை. ஒரு சொல் சொல்லி, நின்று, மீண்டும் தொடங்குவர். அடிகளுக்கு இடையேயுள்ள வெற்றிடம் அவ்வமைதியைத் தாங்கி நிற்கிறது.

உறவின் தொடக்கம்

உடன்பிறந்தாள் ஒருத்தி உண்டு என அறிந்ததும் இருவரும் மகிழ்ச்சியில் தழுவிக்கொள்வதில்லை. தந்தையின் அன்பில் தனக்குரிய பங்கை மற்றவள் பெற்றாள் என்னும் பொறாமையும் ஐயமும் முதலில் எழுகின்றன. தாயின் விருப்பத்தை மீறி யாஹைரா, தந்தையின் நல்லடக்கத்துக்காக டொமினிக்கன் குடியரசுக்குச் செல்கிறாள். அங்கு கமினோவுக்கு நேரும் இடரின்போது குடும்பம் அவளுக்குத் துணைநிற்கிறது. குருதியால் வந்த உறவு, துணைநின்ற செயலாலேயே குடும்பமாகிறது. வஞ்சிக்கப்பட்ட மனைவியாகிய யாஹைராவின் தாய், கணவரின் மற்றொரு மகளை ஏற்கும் இடம் இப்புதினத்தின் உயரிய பகுதியாகும்.

தந்தையைக் குற்றமற்றவராக்கவும் முற்றிலும் வெறுக்கவும் நூலாசிரியர் முயலவில்லை. அன்பும் பிழையும் ஒருவரிடமே இருந்தன என்பதை ஏற்பதே மகளிர் அடையும் முதிர்ச்சி. விமானம் நலமாகத் தரையிறங்கும்போது கைதட்டுவது டொமினிக்கன் பயணியரின் வழக்கம். தந்தையின் இறுதிப் பயணத்தில் ஒலிக்காது போன கைத்தட்டலே நூலின் தலைப்பாக நிலைத்துவிட்டது.

நூல்வெளி

எலிசபெத் அசெவெடோ நியூயார்க்கில் பிறந்தவர், டொமினிக்கன் வழியினர், மேடைக் கவிஞர், ஆசிரியராகவும் பணியாற்றியவர். 'தி போயட் எக்ஸ்' என்னும் கவிதைப் புதினத்துக்காக 2018இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதையும், 2019இல் கார்னகி பதக்கத்தையும் பெற்றார். இப்பாடத்தில் இடம்பெறும் புதினம் 2020இல் வெளிவந்தது.

கற்பவை கற்றபின்

1. கமினோ, யாஹைரா ஆகியோரின் துயர் வேறுபடும் பாங்கினை ஒப்பிட்டு எழுதுக.
2. 'துணைநின்ற செயலாலேயே உறவு குடும்பமாகிறது' – இக்கூற்றை வகுப்பில் கலந்துரையாடுக.
3. ஒரே நிகழ்வை இருவர் கூறுவதாக இரண்டு குறுங்கவிதைகள் படைக்க.