சொந்தப் படகில் வந்தால் தீவு கதவைத் திறக்க வேண்டுமா?

கொரோனா பரவிய 2020இல் பசிபிக் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையை மூடின. அப்போது பாய்மரப் படகில் உலகைச் சுற்றுகிறவர்கள் பலர் கேட்ட கேள்வி இன்றும் ஓயவில்லை. விமானத்தில் இருநூறு பேரோடு நெருக்கியடித்து வருகிறவரும், துணையோடு மட்டும் நடுக்கடலில் நாள்கணக்கில் தனித்து வருகிறவரும் ஒன்றா? படகுக்காரர்களையும் தடுத்தது வீண் பயம் இல்லையா?

இந்தக் கேள்வியின் அடியில் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடலில் போனாலே தனிமைப்படுத்தல் ஆகிவிடும் என்பது முதல் நம்பிக்கை. அர்ஜென்டினாவின் எச்சிசென் மாரு என்ற மீன்பிடிக் கப்பலில் நடந்தது வேறு. அதன் மாலுமிகள் உஷுவாயா நகரில் 14 நாள் தனிமையில் இருந்தார்கள். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்த பிறகே கப்பல் ஏறினார்கள். 35 நாள் கடலில் இருந்துவிட்டு 2020 ஜூலையில் கரை திரும்பியபோது, 61 பேரில் 57 பேருக்குத் தொற்று. சிறிய படகிலும் இதே ஆபத்து சிறிய அளவில் உண்டு. புறப்படும்போது ஒருவருக்குத் தொற்றியிருந்தால், அவரிடமிருந்து மற்றவருக்கு ஒரு வாரம் கழித்துத் தாவலாம். முதல் ஆள் குணமடைந்து நிற்க, இரண்டாம் ஆள் நோயோடு கரையேறுவார்.

கடலில் கழிந்த நாட்களுக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. ஃபிஜி அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2020இல் அது தொடங்கிய 'ப்ளூ லேன்ஸ்' திட்டத்தில் படகுகள் டெனராவ் துறைக்குத்தான் வர வேண்டியிருந்தது. வழியில் எங்கும் ஒதுங்காமல் வந்த நாட்கள் 14 நாள் கணக்கில் சேர்ந்தன. நியூசிலாந்திலிருந்து வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும்; பாக்கி நாட்களைப் படகிலேயே கழித்துப் பரிசோதனையும் முடித்த பிறகுதான் கரையிறங்க முடிந்தது. படகுக்காரரின் வாக்கை மட்டும் நம்பாமல் சரிபார்த்துத் திறந்த இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுற்றுலாவை நம்பி வாழும் நாடு அது. மூடியே கிடப்பதன் வலி அதற்குத் தெரியும்.

அடுத்தது கொடி பற்றிய நம்பிக்கை. மஞ்சள் கொடி கட்டிய படகில் நோயாளி இருக்கிறார் என்று நினைப்பவர்கள் பலர். இன்றைய சர்வதேசக் கொடி மொழியில் அது நேர் எதிர். 'என் படகில் எல்லோரும் நலம், கரை சேர அனுமதி கொடுங்கள்' என்று கேட்கும் கொடி அது. அனுமதி வரும்வரை யாரும் இறங்கக் கூடாது.

சரி, இறங்காமல் தள்ளி நங்கூரம் போட்டுக்கொண்டால்? கடல் பொதுச்சொத்துதானே? இல்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஒரு நாட்டின் கடல் எல்லை. அதைக் கடந்துபோக வெளிநாட்டுப் படகுக்கு உரிமை உண்டு, தங்குவதற்கு இல்லை. ஆபத்தில் சிக்கிய படகுக்கு விலக்கு உண்டு. புயல் பருவம் நெருங்குகிறது என்ற காரணம் மட்டும் அந்த விலக்கில் அடங்காது என்பது பலருக்குக் கசப்பாக இருந்தது. தெற்கு பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம்; வழக்கமாக நியூசிலாந்துக்கு ஓடி ஒதுங்குவார்கள். 2020இல் அங்கும் சிறப்பு அனுமதி வேண்டியிருந்தது. அது இல்லாமல் டஹிட்டியிலிருந்து வந்து சேர்ந்த மூன்று ஜெர்மானியர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். அந்த மாதங்களில் படகிலேயே சிக்கிக்கொண்டவர்களின் தவிப்பை நான் சிறிதாக எண்ணவில்லை.

ஆனால் 'வீண் பயம்' என்ற சொல்லை ஏற்க முடியாது. 1875இல் சிட்னியிலிருந்து ஃபிஜி திரும்பிய எச்.எம்.எஸ். டிடோ கப்பலில் தட்டம்மை வந்தது. அது பரவி மாண்டவர்கள் சுமார் 40,000 பேர். 1918 நவம்பர் 7ஆம் தேதி ஆக்லாந்திலிருந்து வந்த டலூன் கப்பலை, நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்த மேற்கு சமோவா, தனிமைப்படுத்தாமல் ஏபியா துறையில் அனுமதித்தது. அதில் வந்த இன்ஃப்ளூயன்சாவுக்கு மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பலியானார்கள். அதற்காக 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார்.

நூறு கிலோமீட்டர்கூடத் தள்ளியிராத அமெரிக்க சமோவாவில் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை. ஆளுநர் ஜான் பாயர் கப்பல்களைத் தடுத்ததோடு நிற்கவில்லை. பக்கத்துத் தீவிலிருந்து உறவினர்கள் சிறு படகுகளில் வந்து இறங்கிவிடாமல் இருக்க, ஊர் மக்களே கடற்கரையில் காவல் நின்றார்கள். பெரிய கப்பலைக் கண்டால் எவரும் எச்சரிக்கையாவார்கள். சொந்தக்காரர் ஓட்டிவரும் படகைத் திருப்பி அனுப்புவதுதான் கடினம்.

2019இன் கடைசி மாதங்களில், அன்றைய மேற்கு சமோவாவான இன்றைய சமோவாவைத் தட்டம்மை தாக்கி 83 பேரைக் கொன்றது, பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். சில மாதங்களிலேயே கொரோனா வந்தது. சமோவா எல்லையை மூடியது. 2022 மார்ச்சில் அந்நாட்டு மக்களிடையே தொற்று பரவத் தொடங்கியபோது, வயது வந்தோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தார்கள்.