டிஜிட்டல் அக்கார்டியனின் பாகங்களை அறிவோம்

இதய அறுவை சிகிச்சை முடிந்த இசைக்கலைஞர்கள், "மீண்டும் எப்போது வாசிக்கலாம்?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. அக்கார்டியன் வாசிப்போருக்கு விடை கூறுமுன், அக்கருவியின் பாகங்களை அறிவோம்.

ஆரணி வட்டாரத் தெருக்கூத்தில் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் உறவுக் கருவியே அக்கார்டியன். இரண்டிலும் துருத்தியின் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்கிறது. ஆனால் அக்கார்டியனைத் தோள்வார்களில் மாட்டி, மார்போடு அணைத்து வாசிப்பர். வலக்கைக்கு மெட்டு வாசிக்கும் கட்டைகள். இடக்கைக்கு அடிச்சுரப் பொத்தான்கள். நடுவே, இடக்கை இழுத்துத் தள்ளும் துருத்தி.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 2004இல் அறிமுகப்படுத்திய டிஜிட்டல் வகையில் உலோக நாக்குகள் இல்லை. துருத்தியின் அழுத்தத்தை ஓர் உணரி அளக்கிறது. அதற்கேற்ப மின்னணுச் சுற்று ஒலி எழுப்புகிறது. துருத்தியை அசைக்காமலேயே ஒலிக்கச் செய்யும் அமைப்பும் இவ்வகைக் கருவிகளில் உண்டு.

குணமடைவோருக்கு உதவுவது அந்த அமைப்பே. அறுவையின்போது பிளக்கப்பட்ட நெஞ்செலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை கருவியைச் சுமப்பதும் துருத்தியை இழுப்பதும் கூடா. மருத்துவர் இசைவளித்தபின், வீட்டார் கருவியை மேசைமீது வைத்துத் தர, துருத்தியைப் பட்டையால் பூட்டி, வலக்கைக் கட்டைகளை மட்டும் சிறிது நேரம் பயிலலாம்.

நெஞ்செலும்பில் 'கடக்' என்ற அசைவோ, காயத்தில் சீழோ, காய்ச்சலோ தோன்றினால் வாசிப்பை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.