பிரெஞ்சு வினைகளைச் செவியால் கற்க

புதுச்சேரி

சிரஞ்சீவி தம்பிக்கு,

வினைத்திரிபு அட்டவணைகளை இராப்பகலாக உருப்போட்டும், வாசிக்க எழுந்து நின்றால் நாக் குழறுகிறதென்று எழுதியிருக்கிறாய். எழுதியதையெல்லாம் ஒலித்துப் பழகிய நாவுக்கு, எழுதியதில் பாதியை விழுங்கிவிடும் பாஷை ஆரம்பத்தில் விரோதமாகத் தோன்றுவது சகஜந்தான்.

பேசுதலைக் குறிக்கும் 'பார்லே' என்ற வினையைப் பார். நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் என்னும் நால்வருக்கும் எழுத்திலே மூன்று விதமான ஈறுகள் இருப்பினும், செவிக்கு எட்டுவது 'பார்ல்' என்னும் ஓரசை மாத்திரமே. பன்மை ஈற்றிலுள்ள எ, என், தே என்ற மூன்றெழுத்துக்களும் கண்ணுக்காக ஏற்பட்டவை. ஆனால் அதே மூன்றெழுத்துக்கள் பெயர்ச்சொல்லின் ஈற்றில் வந்தால் மூக்கொலியாக நன்றாகக் கேட்கும். கன்னியர் மடத்தைக் குறிக்கும் 'கூவான்' என்ற பெயரும், கோழிகள் அடைகாப்பதைச் சொல்லும் 'கூவ்' என்ற வினையும் எழுத்தில் அணுவளவும் வேறுபடா. ஆகையால் வாயைத் திறக்குமுன் அது வினையா, பெயரா என்று நிதானித்துக்கொள்.

நீ விதிவிலக்கென்று அலுத்துக்கொண்ட 'அழைத்தல்' வினைக்கு வருகிறேன். 'நாங்கள் அழைக்கிறோம்' என்பதில் நடுவிலுள்ள எகரம் தன் அசைக்குத் தானே ஈறாக நிற்பதால் வலுவிழந்து மறைய, 'அப்-லோன்' என்றாகிறது. 'நான் அழைக்கிறேன்' என்பதிலோ லகர ஒற்று அசையை அடைத்துவிடுவதால் எகரம் தெளிவு பெற்று, 'அ-பெல்' என்றாகிறது. அந்தத் தெளிவைக் காட்டவே அங்கே லகரத்தை இரட்டித்து எழுதுகிறார்கள். வாங்குதலைக் குறிக்கும் வினையில் எழுத்தை இரட்டிக்காமல், எகரத்தின் தலையில் ஒரு சாய்கோடு இடுகிறார்கள். காரியம் ஒன்றே. அச்சுக்கோப்பவர் வரியின் கடைசியில் இரட்டை எழுத்துக்கு நடுவே சொல்லை உடைப்பதைக் கண்டு, அதுவே உச்சரிப்பின் பிரிவென்று எண்ணிவிடாதே.

மற்றொன்று, நமக்குச் சுலபமானது. ஒற்றின்மேல் உயிர் ஏறும் புணர்ச்சி நம் இரத்தத்தில் ஊறியதல்லவா? 'அவன் வருகிறான்' என்பது 'இ-லா-ரீவ்'. 'அவர்கள் வருகிறார்கள்' என்பது 'இல்-ஸா-ரீவ்'. மௌனமாயிருந்த சகரம், வண்டின் ரீங்காரம் போன்ற ஒலியோடு வினையின் தலையில் ஏறி அமர்கிறது. பன்மை என்பதற்கு அந்த ஒலியைத் தவிர வேறு சாட்சியில்லை.

புத்தக ஓரத்தில் தமிழெழுத்தில் உச்சரிப்பு எழுதும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடு. நான் இங்கே எழுதியதும் அவசரத்துக்குத்தான். எறிதலைக் குறிக்கும் 'ழெத்தே' வினையின் ஆறு வடிவங்களையும் உரக்கச் சொல்லி, அசை பிரித்து அடுத்த தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
பெரியப்பா