கவுட்: வலி இல்லாத நாள்களுக்கான சிகிச்சை

இரவு படுக்கும்போது கால் நன்றாக இருந்தது. அதிகாலை இரண்டு மணிக்குப் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது. மேலே கிடக்கும் மெல்லிய போர்வையைக்கூடத் தாங்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. கவுட் முதன்முறை வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஓரிரு வாரங்களில் வீக்கம் வற்றிவிடும். சிகிச்சை பெறாவிட்டாலும் பலருக்கு அப்படித்தான். கால் பழையபடி காலணிக்குள் நுழையும், வேலைக்கும் திரும்பிவிடுவீர்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வலி போனதும் நோயும் போய்விட்டது என்று எண்ணி, மீதி மாத்திரைகளை அலமாரியில் போட்டுவிடுகிறோம். அடுத்த தாக்குதல் ஓராண்டு கழித்து வரலாம். அதற்கடுத்தது இன்னும் சீக்கிரமாக, கணுக்காலிலோ முழங்காலிலோ வரலாம். அதனால் இந்தக் கையேடு வலி வந்த நாளைப் பற்றிக் கொஞ்சமும் வலி இல்லாத நாள்களைப் பற்றி அதிகமும் பேசுகிறது.

எந்த வாதம்?

தமிழில் கவுட்டைக் ‘கீல்வாதம்’ என்று எழுதுவது உண்டு. கீல் என்றால் மூட்டு. ஆனால் முழங்கால் தேய்மானத்தையும் முடக்குவாதத்தையும்கூட அதே சொல்லால் குறிப்பிடுகிறோம். ‘வாதம்’ என்று கேட்டதும் பக்கவாதமோ என்று பயந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். இவை வெவ்வேறு நோய்கள், இவற்றுக்கான மருந்துகளும் வேறு. ஆகவே மருத்துவர் உங்களிடம் சொல்லும் சொல்லையே, ‘கவுட்’ என்பதையே, இங்கே பயன்படுத்துகிறோம். உறவினர் ஒருவர், “எனக்கும் கீல்வாதம்தான், இந்த மாத்திரையில் சரியாகிவிட்டது” என்று நீட்டினால், அவருக்கு இருப்பது எந்த வாதம் என்று தெரியாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் உயிரணுக்களிலும் உணவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உடலே உற்பத்தி செய்கிறது. மூன்றில் ஒரு பங்குதான் உணவிலிருந்து வருகிறது. சிறுநீரகங்கள் அதன் பெரும்பகுதியை வெளியேற்றுகின்றன. கவுட் உள்ள பெரும்பாலோருக்குச் சிறுநீரகங்கள் போதிய அளவு யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதில்லை. அது பெரும்பாலும் மரபுவழி வருவது. வெளியேறாத அமிலம் ஊசி போன்ற படிகங்களாக மூட்டுக்குள் படிகிறது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அந்தப் படிகங்களைத் தாக்கும்போது ஏற்படுவதே நீங்கள் உணரும் வலி.

வலி அடங்கிய பின்னும் படிகங்கள் அங்கேயே இருக்கும். ஆண்டுக் கணக்கில் கவனிக்காமல் விட்டால் அவை காது மடல், முழங்கை, விரல் மூட்டு ஆகிய இடங்களில் கட்டிகளாகத் திரளும், மூட்டை அரித்துவிடும், சிறுநீரகக் கற்களாகவும் உருவாகலாம்.

பெண்களைவிட ஆண்களுக்கு கவுட் அதிகம் வருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வாய்ப்பு கூடுகிறது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், உடல் பருமன் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் சில நீரிறக்கி மாத்திரைகளும் யூரிக் அமிலத்தை உயர்த்தும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். கவுட் வந்ததை மருத்துவரிடம் சொன்னால், தேவைப்பட்டால் வேறு மருந்துக்கு மாற்றுவார்.

வலி வந்த நாளில்

மருத்துவர் ஏற்கனவே கொடுத்துவைத்த மருந்து இருந்தால், வலி தொடங்கிய உடனே, முதல் 24 மணி நேரத்துக்குள், அவர் சொன்ன அளவில் சாப்பிடுங்கள். அது கோல்சிசினாகவோ, வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரையாகவோ, குறுகிய காலத்துக்கான ஸ்டீராய்டாகவோ இருக்கலாம். எது பொருந்தும் என்பது உங்கள் சிறுநீரகம், வயிறு, இதயம் ஆகியவற்றின் நிலையைப் பொறுத்தது. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டு வந்தாலும், கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வலிக்காக அஸ்பிரினும் வேண்டாம். இதயத்துக்காக மருத்துவர் தரும் குறைந்த அளவு அஸ்பிரின் வேறு, அதைத் தொடருங்கள்.

காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சுமார் 20 நிமிடம் வைத்து எடுக்கலாம். வீட்டில் யாராவது எண்ணெய் போட்டு உருவிவிட வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். வீங்கிய மூட்டை அழுத்தித் தேய்த்தால் வலி கூடும்.

வலியோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். மூட்டில் கிருமித்தொற்றும் வெளித்தோற்றத்தில் கவுட்டைப் போலவே இருக்கும். அன்றே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வலி அடங்கிய பிறகு

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளில் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் அலோபியூரினால். ஆண்டுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ தாக்குதல் வந்தவர்கள், கட்டிகள் உள்ளவர்கள், சிறுநீரக நோயோ சிறுநீரகக் கல்லோ உள்ளவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். இது வலி நிவாரணி அல்ல. சாப்பிட்டதும் எந்த மாற்றமும் தெரியாது. அதனால்தான் இதை நிறுத்திவிடுபவர்கள் அதிகம்.

நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மருந்தைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் கவுட் தாக்குதல் வரக்கூடும். படிந்திருந்த படிகங்கள் கரையத் தொடங்கும்போது மூட்டு தூண்டப்படுகிறது. “மருந்து சாப்பிட்ட பிறகுதான் வலி அதிகமாயிற்று” என்று பலர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அவர்கள் செய்யும் முடிவுதான் தவறு. மருந்து வேலை செய்வதால் வந்த வலி அது. இதைத் தடுக்கவே மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்; கூடவே மூன்று முதல் ஆறு மாதங்களுக்குக் குறைந்த அளவு கோல்சிசினும் தருகிறார். அப்படியும் வலி வந்தால், வலிக்கான மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே அலோபியூரினாலையும் தொடருங்கள்.

அலோபியூரினாலை உடனே நிறுத்த வேண்டிய நிலை ஒன்று உண்டு. தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப் புண், கண் சிவத்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். இது அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வரும். ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அந்த மரபணு சீனர்களிடம் கூடுதலாகவும் இந்தியர்களிடம் குறைவாகவும் காணப்படுகிறது. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. முதியவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், மருந்தைத் தொடங்கும் முன் அதற்கான ரத்தப் பரிசோதனையை மருத்துவர் பரிந்துரைக்கலாம். அலோபியூரினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

உங்கள் இலக்கு ஓர் எண்: யூரிக் அமிலம் 360 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டிகள் உள்ளவர்களுக்கு 300க்குக் கீழே. ரத்த அழுத்த எண்ணை நினைவில் வைத்திருப்பதுபோல் இதையும் நினைவில் வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும், “இப்போது என் எண் என்ன?” என்று கேளுங்கள். தாக்குதல் நடக்கும்போது எடுக்கும் பரிசோதனையில் அளவு இயல்பாகத் தெரியக்கூடும். அதை வைத்து கவுட் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. இலக்கை எட்டிய பிறகும் மருந்து தொடர வேண்டும். நிறுத்தினால் அமிலம் மறுபடி ஏறும்.

தேக்கா சந்தையில் எதை வாங்குவது?

கவுட் வந்தவரிடம் குடும்பம் முதலில் சொல்வது, “பருப்பை நிறுத்துங்கள்.” இதற்கு அவசியமில்லை. பருப்பு, கடலை, கீரை, காளான் போன்றவற்றில் பியூரின் இருந்தாலும், அவை கவுட் ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சாம்பாரும் கீரைக் கூட்டும் தட்டில் இருக்கட்டும்.

குறைக்க வேண்டியவை வேறு. ஆட்டு ஈரல், மூளை, சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகள், நெத்திலி, மத்தி, இவற்றின் கருவாடு, நண்டு, இறால். எலும்பையும் இறைச்சியையும் நெடுநேரம் கொதிக்கவைக்கும்போது பியூரின் சாற்றில் இறங்கிவிடும். ஆகவே சூப் கம்பிங், சூப் தூலாங் போன்றவற்றை எப்போதாவது மட்டும் சாப்பிடலாம். சாற்றைக் கடைசித் துளிவரை குடிக்க வேண்டியதில்லை. கோழியும் மற்ற மீன்களும் அளவோடு சாப்பிடலாம். தட்டில் பாதி காய்கறி பழம், கால் பகுதி முழுதானியம், கால் பகுதி புரதம் என்ற ‘எனது ஆரோக்கியத் தட்டு’ கணக்கு கவுட்டுக்கும் பொருந்தும். கொழுப்பு குறைந்த பாலும் தயிரும் நல்லவை.

மதுவில் பீர்தான் மிகவும் மோசம். அதில் மதுவும் உண்டு, பியூரினும் உண்டு. இனிப்புப் பானங்களைப் பலர் கவனிப்பதில்லை. சர்க்கரையில் உள்ள ஃபிரக்டோஸ் யூரிக் அமிலத்தைக் கூட்டும். பண்டோங், டின் பானங்கள், நாளைக்கு நான்கு குவளை தே தாரேக் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ‘தே ஓ கோசோங்’ என்று கேட்டு வாங்கப் பழகிக்கொள்ளலாம்.

உணவைச் சரிசெய்வது நல்லது. ஆனால் அதனால் மட்டும் குறையும் யூரிக் அமிலம் கொஞ்சம்தான். வாயைக் கட்டியும் வலி வந்துவிட்டதே என்று உங்களையோ, சமைத்துப் போட்டவரையோ குறை சொல்ல வேண்டாம்.

விரதமும் வெயிலும்

உடலில் நீர் வற்றினாலும், பட்டினி கிடந்தாலும், எடை வேகமாகக் குறைந்தாலும் தாக்குதல் வரலாம். தைப்பூசத்துக்குச் சைவ விரதம் இருப்பதில் தவறில்லை. தண்ணீரையும் குறைத்துக்கொள்வதுதான் ஆபத்து. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலில் காவடி எடுப்பவர்கள், சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். ரமலான் மாதத்தில் நோன்பு திறந்தது முதல் சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். வெயிலில் வேலை செய்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து, மருத்துவர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அந்த அளவையே பின்பற்றுங்கள்.

செங்காந்தள் கிழங்கு வேண்டாம்

கோல்சிசின் நமக்குத் தெரிந்த ஒரு செடியிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் அது உண்டு. ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். இதைக் கேள்விப்பட்டு, ஊரிலிருந்து கண்வலிக் கிழங்கு வரவழைத்து அரைத்துச் சாப்பிடலாமா என்று நினைக்க வேண்டாம். அந்தக் கிழங்கு உயிரைக் கொல்லும் நஞ்சு. மாத்திரையிலேயே மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறியது. வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்ற பழைய முறை இப்போது இல்லை. அளவுக்கு மேல் ஒன்றுகூடச் சாப்பிடக் கூடாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் கோல்சிசின் உடலில் தேங்கிவிடும். ஆகவே எந்த மருந்தகத்துக்குப் போனாலும், கோல்சிசின் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள்.

மூட்டுவலியை உடனே தீர்க்கும் ‘இயற்கை’ மருந்துகளிலும் எச்சரிக்கை தேவை. இத்தகைய பொருள்கள் சிலவற்றில் சொல்லப்படாத ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. அப்படி எதையாவது நீண்டநாள் சாப்பிட்டு வந்திருந்தால், திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

செலவும் பயணமும்

நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் கவுட்டும் அடங்கும். ஆண்டு வரம்புக்கு உட்பட்டு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். சாஸ் அட்டை உள்ளவர்கள் அத்திட்டத்தில் பங்கேற்கும் மருந்தகங்களில் கழிவு பெறலாம். மெடிசேவ் இல்லாத வெளிநாட்டு ஊழியர்கள், முதலாளி எடுத்துள்ள மருத்துவத் திட்டத்தில் தொடர் மருந்துகளுக்கு இடமுண்டா என்று கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது, தங்கும் நாள்களுக்கும் கூடுதலாக ஒரு வாரத்துக்கும் மருந்து எடுத்துச் செல்லுங்கள். பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். அங்கே ரத்தப் பரிசோதனை செய்தால் எண் வேறுவிதமாக இருக்கும். இந்தியாவில் மில்லிகிராம் கணக்கில் எழுதுவார்கள். அந்த எண்ணை 60ஆல் பெருக்கினால் ஏறக்குறைய இங்குள்ள எண் கிடைக்கும். அங்கே 6 என்றால் இங்கே 360; அங்கே 8 என்றால் இங்கே 480. அந்தத் தாளைத் தூக்கி எறியாமல், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது கொண்டு வாருங்கள்.