ஜெயத்தை அவசரப்பட்டு எழுதாதிருங்கள்

(கிறிஸ்தவக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பாடம்)

வாசிக்க: 2 சாமுவேல் 11, 2 கொரிந்தியர் 12:7-9



எழுதுகிற தாலந்தைக் கர்த்தர் உங்களில் அநேகருக்குக் கொடுத்திருக்கிறார். ஸ்தோத்திரம்! நம் வாலிபர்கள் தாங்கள் எழுதிய கதைகளை என்னிடம் வாசிக்கக் கொடுப்பதுண்டு. குடிகாரன் மனந்திரும்புகிற கதையை நன்றாக எழுதுகிறார்கள். ஆனால் கதாநாயகனுக்கு மாம்ச இச்சையில் போராட்டம் என்று வந்துவிட்டால் பேனா தடுமாறுகிறது. ஒன்று, அந்தப் பக்கமே போகமாட்டார்கள். இல்லையென்றால், மூன்றாம் பக்கத்தில் விழுவான், நான்காம் பக்கத்தில் கன்வென்ஷனில் அழுவான், ஐந்தாம் பக்கத்தில் கல்யாணம்! அதற்கப்புறம் அவனுக்கு ஒரு சோதனையும் கிடையாது. வாழ்க்கை அப்படியா இருக்கு? நீங்களே சொல்லுங்க.

இந்தக் கதையை வாசிக்கிறவன் யார்? ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காருகிற ஒரு தம்பி. ஞானஸ்நானம் எடுத்தவன், அபிஷேகம் பெற்றவன். ஆனாலும் இரவில் தனியாய்ப் போராடுகிறான். உங்கள் கதையை மூடிவைத்துவிட்டு, "அவனுக்கு ஒரே ஜெபத்துல போயிடுச்சு, எனக்குப் போகலையே. அப்போ நான் இரட்சிக்கப்படவே இல்லையோ?" என்று முடிவுகட்டுவான். நாம் எழுதுகிற ஐந்து பக்கம் ஒரு ஆத்துமாவைச் சோர்ந்துபோகப் பண்ணலாம். ஆகவே மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

1. வேதம் எழுதுகிற விதம்

2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தில் 27 வசனங்கள் இருக்கின்றன. தாவீது செய்த பாவம் நான்காம் வசனத்தோடு முடிந்துபோகிறது. படுக்கையறை வர்ணனை ஒன்றுமில்லை. ஆனால் அதை மறைக்க அவன் போட்ட திட்டங்கள் ஆறாம் வசனத்திலிருந்து நீண்டுகொண்டே போகின்றன. தன் மரணத்துக்கான நிருபத்தை உரியாவே கையில் சுமந்துபோகிறான். வாசிக்கிற நமக்கு இச்சை எழும்பவில்லை, நடுக்கம் வருகிறது. கவனித்தீர்களா? செயலைச் சுருக்கு, இருதயத்தை விரித்து எழுது. இதுதான் வேதத்தின் முறை.

யோசேப்பையும் பாருங்கள். அவன் இச்சைக்கு விலகி ஓடினான். உடனே கிடைத்தது என்ன? சிறைச்சாலை! ஜெயித்தவனுக்கும் அடுத்த பக்கத்திலேயே கிரீடம் கொடுக்க வேதம் அவசரப்படவில்லை.

2. முழுவதும் தப்பினேனா என்று கேட்டவன்

நாம் "மோட்சப் பிரயாணம்" என்று வாசிக்கிற கதையை ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்டார். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் "இரட்சணிய யாத்திரிகம்" இதைத் தழுவியதுதான். கிறிஸ்தியானோடு நடக்கிற உண்மையுள்ளவன் என்பவனை வழியில் ஒரு ஸ்திரீ மயக்கப் பார்த்தாள். "நல்லவேளை, தப்பித்தாய்" என்று கிறிஸ்தியான் சந்தோஷப்பட்டபோது, தான் முழுவதும் தப்பினேனா என்பது தனக்கே தெரியவில்லை என்கிறான் அவன். பிறகு மலையேறும்போது மோசே அவனை அடித்து வீழ்த்துகிறார். ஏன்? பழைய ஆதாமின் பக்கம் அவன் உள்ளத்தில் ஒரு இரகசியச் சாய்வு இருந்தது. கைகளில் காயமுள்ளவர் வந்துதான் அடியை நிறுத்துகிறார். இப்படிப்பட்டவனைத்தான் பன்யன் இரத்தசாட்சியாக மரிக்கவைக்கிறார்! சாய்வு இருந்தும் கடைசிவரை நடந்தவன் அவன்.

3. சாட்சியில் விடுபட்ட வரி

தன் பாலினத்தவர்மேல் ஈர்ப்பு உள்ளவர்களைப் பற்றியும் சிலர் எழுத விரும்புகிறீர்கள். நல்லது, ஆனால் ஒன்றை அறிந்துகொண்டு எழுதுங்கள். அப்படிப்பட்டவர்கள் மாற முடியும் என்று போதித்துவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க ஊழிய ஸ்தாபனம் 1976-ல் தொடங்கி 2013-ல் மூடப்பட்டது. அப்போது அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தனக்குள் அந்த ஈர்ப்பு தொடர்ந்து இருந்ததைப் பல வருஷங்கள் தன் சாட்சியில் சொல்லாமல் விட்டதையும் ஒத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு வரி விடுபட்டதால், "எனக்கு மட்டும் ஏன் மாறல?" என்று அழுதவர்கள் எத்தனைபேர்! அகஸ்தீனோ, பிஷப்பாக இருந்தபோதே எழுதிய "அறிக்கைகள்" என்ற நூலில், பழைய இச்சைகள் கனவில் இன்னும் வருவதை மறைக்கவில்லை. 1600 வருஷங்களுக்குப் பிறகும் போராடுகிறவர்கள் அதை வாசித்து ஆறுதலடைகிறார்கள். பவுலும் முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார். முள் போகவில்லை, கிருபை வந்தது.

பரிசுத்தத்தைக் குறைத்து எழுதச் சொல்கிறேன் என்று நினைக்காதிருங்கள். சோதிக்கப்படுவது வேறு, பாவஞ்செய்வது வேறு. நம் ஆண்டவரும் சோதிக்கப்பட்டார். இந்த வித்தியாசம் உங்கள் கதையில் தெளிவாய் இருக்கட்டும்.

எழுத உட்காரும்போது:

* உங்கள் கதாபாத்திரத்துக்குப் போராட்டம் மட்டும் போதாது. அவன் யாருடைய மகன், என்ன வேலை, எதற்குச் சிரிப்பான்? அதையும் எழுதுங்கள்.

* ஸ்திரீயை வெறும் கண்ணியாக்காதிருங்கள். ஃபிரான்சின் ரிவர்ஸ் 1991-ல் எழுதிய "ரிடீமிங் லவ்" ஓசியாவின் சரித்திரத்தை 1850-ன் கலிபோர்னியாவில் வைத்துச் சொல்கிறது. சிறுபிள்ளையாய் விற்கப்பட்ட காயம்தான் அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கிறது. அன்பைப் பெற்றவுடனே அவள் மாறிவிடுவதில்லை.

* அவன் மனம்திறந்து பேச ஒரு ஆளைக் கொடுங்கள். கேட்டதும் முகம் சுளிக்காத ஒரு பாஸ்டரோ, ஒரு அக்காவோ, ஒரு நண்பனோ போதும்.

* எல்லாப் பாரமும் இறங்கினதாக முடிக்கவேண்டிய கட்டாயமில்லை. கர்த்தர் அவனை விட்டுப்போகவில்லை என்று தெரிந்தால் போதும்.

தேவபிள்ளைகளே, எழுதி முடித்த கதையை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தக் கடைசி வரிசைத் தம்பியின் கண்களால் ஒருமுறை வாசியுங்கள். "இவன் என்னைப்போலத்தான் இருக்கான், ஆனாலும் இயேசு இவன்கூட நடக்கிறார்" என்று அவன் சொல்லக்கூடுமானால், தைரியமாய்க் கொடுங்கள். அப்படி இல்லையென்றால், முழங்கால்படியிட்டு இன்னொருமுறை எழுதுங்கள். ஆவியானவர் துணைசெய்வார். ஆமென்!