ஓடிப்போய்த் தூக்கியவருக்கும் ஒரு தோள் வேண்டும்

உள்ள நலப் பாடம்



தோட்டத்தில் ஓர் ஆபத்து நடந்தால் முதலில் ஓடுவது யார்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலையில் குளவி கலைந்தால், படங்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடி விழுந்தவரை இழுத்து வருவது பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவர். லயத்தில் தீப்பிடித்தால், பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பது அடுத்த லயத்தார். நடுச்சாமத்தில் வலி கண்ட பெண்ணுக்குத் துணையாக லொறியில் ஏறுவது மருத்துவமாதும் பக்கத்து வீட்டு அக்காவும்தான்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போதும் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்தது, பாதைகள் துண்டிக்கப்பட்டன. வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை பல இடங்களில் அயலவர்களே மண்ணைத் தோண்டினார்கள், காயப்பட்டவரைச் சுமந்தார்கள்.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, உடுப்பு எல்லாம் வருகிறது. அது நல்லது, வரத்தான் வேண்டும். ஆனால் மண்வெட்டியோடு ஓடிய அந்தத் தம்பியிடம், "நீ எப்படி இருக்கிறாய்?" என்று யாராவது கேட்டோமா? இந்தப் பாடம் அவரைப் பற்றியது.

உள்ளத்தில் பட்ட அடி

கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் வரும், எல்லோருக்கும் தெரியும். உள்ளத்தில் பட்ட அடி வெளியே தெரியாது. ஆனாலும் அதற்கு அடையாளங்கள் உண்டு.

தூக்கம் வராது. வந்தாலும் அதே காட்சி கனவாக வரும். தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். தலையிடி, நெஞ்சுப் பாரம், பசியின்மை வரும். சின்ன விசயத்துக்கும் பிள்ளைகள் மீது எரிந்து விழுவார். பேச்சுக் குறையும். சாயந்திரம் ஆனால் போத்தலைத் தேடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருக்கும்: "இன்னுங் கொஞ்சம் முன்னாடி ஓடியிருந்தா காப்பாத்தியிருக்கலாமோ?"

இது பைத்தியம் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்த மனிதருக்கு வருகிற சாதாரண வருத்தம். அநேகருக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். சிலருக்குக் குறையாது. இரண்டு விதத்தாருக்கும் பக்கத்தில் ஒருவர் இருப்பது உதவும்.

நம் பக்கத்தில் இதைப் 'பயந்த கோளாறு' என்று சொல்லித் திருநீறு போடுவார்கள். மனதுக்கு ஆறுதல் தந்தால் போடட்டும், தவறில்லை. ஆனால் அத்தோடு நிறுத்திவிடக் கூடாது.

ஏன் கூட வேலை செய்பவர்?

தீயணைப்புப் படையினர், அம்பியூலன்ஸ் ஊழியர், தாதியர் போன்றவர்களுக்கு இந்த வருத்தம் வரும் என்பதை உலகம் மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் தீயணைப்புப் படையில் வேலை செய்த ஜெப்ரி மிட்செல் என்பவர், கோரமான சம்பவத்துக்குப் போய்வந்த ஊழியர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேசவிடும் ஒரு முறையை 1983 இல் எழுதினார். அந்தக் கூட்டத்தில் உளநல நிபுணரோடு, அதே வேலை செய்யும் சக ஊழியர்களும் இருந்தார்கள். "நெருப்புக்குள்ளே போனவனுக்குத்தான் நெருப்புக்குள்ளே போனவனின் பேச்சு விளங்கும்" என்பதே இதன் அடிப்படை.

இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் பிறகு ஆராய்ந்து பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. சம்பவம் நடந்த உடனே, விருப்பம் இல்லாதவரையும் இருத்தி, ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்ல வைத்தால் பயன் இல்லை. சிலருக்கு அது மேலும் வருத்தத்தைத் தந்தது. ஆகவே 2005 இல் இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டிகளும், பின்னர் உலக சுகாதார நிறுவனமும் அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது என்ன? சக தொழிலாளியின் துணை நல்லது. வற்புறுத்திக் கிளறுவது நல்லதல்ல. ஆறாத புண்ணைக் கிளறினால் அது ஆறுமா?

பார், கேள், இணை

2011 இல் உலக சுகாதார நிறுவனமும் வேறு இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 'உளவியல் முதலுதவி' பற்றி ஒரு கைந்நூல் வெளியிட்டன. அதன் சாரம் மூன்று சொல்: பார், கேள், இணை. இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை, பழகிக்கொண்டால் போதும்.

பார்: யார் பெரட்டுக்கு வரவில்லை? யார் சாப்பிடாமல் இருக்கிறார்? யார் புதிதாகக் குடிக்கத் தொடங்கியிருக்கிறார்?

கேள்: பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் சும்மா கூட இருந்தாலும் போதும்.

இணை: அவருக்கு வேண்டிய ஆளோடும் உதவியோடும் சேர்த்துவிட வேண்டும். அது மனைவியாக இருக்கலாம், டொக்டராக இருக்கலாம், லீவு எழுதும் கணக்கப்பிள்ளையாகவும் இருக்கலாம்.

மண் சரிந்த ஓர் இடத்தில் ஒன்றாகத் தோண்டிய இருவர் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"என்னா தம்பி, ரெண்டு நாளா பெரட்டுப் பக்கமே காணல?"

"ஒடம்புக்கு முடியலண்ணே."

"அன்னிக்கு நானுந்தான் அங்கன நின்னேன். எனக்கு மூணு நாளா சோறு எறங்கல. ஒனக்கு எப்புடி இருக்கு?"

(கொஞ்ச நேரம் பேச்சில்லை.)

"கண்ண மூடுனா அந்தப் புள்ளதாண்ணே வருது. இன்னுங் கொஞ்சம் வெரசா தோண்டியிருந்தா…"

"அப்புடி நெனப்பு வரத்தான் செய்யும். ஆனா மேல இருந்து மண்ணு எறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்பயும் நீ ஓடுன. வா, வீட்டுல ரொட்டி சுடுறாங்க, ஒரு தேத்தண்ணி குடிப்போம். நாளைக்குக் காலையில நான் வந்து கூப்புடுறேன், சேந்து போவோம்."

அண்ணன் புத்தி சொல்லவில்லை. "ஆம்பளப் புள்ள அழலாமா?", "எல்லாம் விதி", "மறந்துட்டு வேலையப் பாரு" என்று சொல்லி வாயை அடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், சாப்பிடக் கூப்பிட்டார், நாளைக்கும் வருவதாகச் சொன்னார். அவர் செய்தது இவ்வளவுதான். ஆனால் இதற்குள் மூன்று சொல்லும் அடங்கிவிட்டன.

நம் டிவிசனில் எப்படித் தொடங்கலாம்?

1. ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு மூன்று பேரைத் தெரிவு செய்யுங்கள். நிதானமாகக் கேட்பவரும் இரகசியம் காப்பவருமாக அவர்கள் இருக்கட்டும். கங்காணி, தலைவர் என்று பதவி பார்த்துப் போடவேண்டாம்; பேர் போடுகிறவரிடம் மனதைத் திறக்கச் சிலர் தயங்குவார்கள். பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டும். கொழுந்து மலையில் நடந்ததைப் பெண்கள் பெண்களிடம்தான் சொல்வார்கள்.

2. இரகசியம் காப்பதுதான் இதற்கு உயிர். நம் லயத்துச் சுவர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவில் கேட்கும். அதனால் வீட்டுக்குள் பேசாதீர்கள். மலைக்குப் போகும் வழியில், கோயில் முன்றலில், விறகுக்குப் போகும்போது பேசுங்கள். ஒரே ஒரு தடவை கதை வெளியே போனாலும், பிறகு ஒருவரும் உங்களிடம் வரமாட்டார்கள்.

3. ஒரு தடவை பார்த்துவிட்டு விடாதீர்கள். சம்பவம் நடந்து இரண்டு மூன்று நாளில் ஒரு தரம், இரண்டு கிழமையில் ஒரு தரம், ஒரு மாதத்தில் ஒரு தரம் போய்ப் பாருங்கள். கூட்டம் கலைந்து, துக்கவீடு ஓய்ந்த பிறகுதான் அநேகருக்குப் பாரம் தெரியும்.

4. பிள்ளைக் காம்பரா ஆயா, மருத்துவமாது, ஆஸ்பத்திரி ஊழியர் ஆகியோரை மறந்துவிடாதீர்கள். கையில் வைத்திருந்த குழந்தையை இழந்த மருத்துவமாது மறுநாளும் அடுத்த லயத்துக்குச் சிரித்த முகத்தோடு போகவேண்டியிருக்கிறது. அவருக்கும் ஒரு தோழி வேண்டும்.

5. துணை செய்பவர் தனியாகச் சுமக்கக் கூடாது. இரண்டு பேர் சோடியாக இருங்கள். கேட்டவருக்கும் பாரம் ஏறும். அதை இறக்கவும் ஓர் இடம் வேண்டும்.

எப்போது டொக்டரிடம் போகவேண்டும்?

ஒரு மாதம் கடந்தும் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது என்றால் நண்பரின் துணை மட்டும் போதாது. பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டிப் போங்கள், கூடவே உட்கார்ந்திருங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம்.

"இருந்து என்ன பிரயோசனம்" என்று ஒருவர் சொன்னால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். "சாகணும்னு நெனப்பு வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, களைநாசினி, கயிறு ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். அவசரம் என்றால் 1990 அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்த மழைக்காலம் வரத்தான் போகிறது. அன்றைக்கும் நம் பிள்ளைகள்தான் முதலில் ஓடுவார்கள். ஓடிப்போனவர் திரும்பி வரும்போது வாசலில் தேத்தண்ணியோடு ஒருவர் காத்திருக்கட்டும்.

கூடிப் பேசுங்கள்

- உங்கள் தோட்டத்தில் கடைசியாக நடந்த ஆபத்தில் முதலில் ஓடியவர்கள் யார்? அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?
- மனதில் உள்ளதைச் சொல்ல நீங்கள் யாரை நம்புவீர்கள்? ஏன்?
- உங்கள் டிவிசனில் துணைக்கு நிற்கத் தகுந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் யார்? அவர்களிடம் யார் போய்ப் பேசுவது?