பல்லவி இல்லாத பாட்டைத் தேடுவது

பெயர் மறந்த பாட்டைக் கண்டுபிடிக்க நமக்குத் தெரிந்த வழி பல்லவிதான். இரண்டு சொல்லை முணுமுணுத்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் மீதியைப் பாடிவிடுவார். பாடாமல் பேசியே போகிற பாட்டுக்கு அந்த வசதி கிடையாது. பழைய ஆங்கிலப் பாடல்கள் போடும் வானொலி ஒன்றில் அப்படி ஒன்றைக் கேட்டேன். ஓர் ஆண் குரல் நிதானமாகப் புத்திமதி சொல்லிக்கொண்டே போனது. நடுவில் ஒரு கூட்டம் சேர்ந்து பாடியது. அறிவிப்பாளர் சொன்ன பெயர் காதில் விழவில்லை.

இப்படி நேர்ந்தால் முதலில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு ஒலித்தது என்ற பட்டியலைப் பல நிலையங்கள் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. பாட்டைக் கேட்டு அடையாளம் சொல்லும் ஷசாம் செயலி, பாட்டு ஓடும்போதுதான் உதவும். கூகுளில் 2020 முதல் மெட்டை முனகியே தேடலாம். ஆனால் பேச்சை எப்படி முனகுவது?

நினைவில் நிற்கும் வரியை அப்படியே நம்பவும் வேண்டாம். பொருள் தங்கும், சொல் மாறிவிடும்.

புத்திமதி சொல்லும் பேச்சுப் பாட்டு என்றால் எல்லோரும் கைகாட்டுவது 1999இல் பிரபலமான பாஸ் லூர்மனின் ‘சன்ஸ்கிரீன்’ பாட்டைத்தான். நான் கேட்டது அதுவல்ல. ஆனால் தேடும் வழியை அதுதான் காட்டியது. அதில் பேசுவது லூர்மன் இல்லை, லீ பெர்ரி என்ற குரல் கலைஞர். எழுதியவர் மேரி ஷ்மிச். 1997இல் சிகாகோ ட்ரிபியூனில் வந்த அவருடைய பத்தி அது. அதையே எழுத்தாளர் கர்ட் வானகட் எம்.ஐ.டி.யில் ஆற்றிய உரை என்று மின்னஞ்சலில் ஊரெல்லாம் பரப்பினார்கள். பேசியவர், எழுதியவர், தட்டில் பெயர் போட்டுக்கொண்டவர் எல்லாம் வெவ்வேறு ஆட்கள். மூவரையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

அப்படித்தான் பாட்டை விட்டுவிட்டு, அமைதி, பிரபஞ்சம் என்று மனதில் தங்கிய சொற்களைக் கொண்டு கவிதையாகத் தேடினேன். கிடைத்துவிட்டது: ‘டெசிடெராட்டா’. பேசியவர் லெஸ் கிரேன், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர். இசைத்தட்டு வந்தது 1971இல். எழுதியவர் இண்டியானாவைச் சேர்ந்த மாக்ஸ் எர்மன், 1927இல்.

இங்கேயும் ஒரு பொய்ப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. பால்டிமோரின் செயின்ட் பால் தேவாலயத்துப் பாதிரியார் ஒருவர் இதைத் தம் சபையாருக்கான தொகுப்பில் சேர்த்தார். தொகுப்பின் தலைப்பில் தேவாலயத்தின் பெயரும் அது நிறுவப்பட்ட 1692ஆம் ஆண்டும் இருந்தன. போதாதா? கவிதையே 1692இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது என்று ஆகிவிட்டது. ஆகவே முதலில் கிடைக்கும் பெயரோடு நின்றுவிடாதீர்கள். எந்த ஆண்டு, எங்கே அச்சானது என்றும் பாருங்கள். இசைத்தட்டு போட்டவர்களே இதைக் காப்புரிமை தீர்ந்த பழைய எழுத்து என்றுதான் நினைத்திருந்தார்கள். பாட்டு புகழடைந்த பிறகே எர்மன்தான் எழுதியவர் என்பது தெளிவாகி, அவர் குடும்பத்துக்கு உரிமத்தொகை போய்ச் சேர்ந்தது.